ஆணியில் தொங்கும் திறப்புகள்

போன மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து மகள் வந்திருந்தாள். வந்து இரண்டாம் நாள் விடியற்காலை, தாவாரத்தில் மாரி மழை ஒழுகிக்கொண்டிருக்க, கைபேசியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சொன்னாள்: "அம்மா, வீடு 16 பாகையில நிக்கிது."

"ஆரும் இல்லாத வீட்டுக்கு என்னத்துக்கு மனே சூடு?"

"முழுசா நிப்பாட்டினா குழாய்க்குள்ள தண்ணி உறைஞ்சி வெடிச்சிரும்மா."

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான். அது ஒருத்தியின் வீட்டுச் சுவருக்குள் நடக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. மட்டக்களப்பில் எங்கள் ஊரான வந்தாறுமூலையில் வீட்டை விட்டுப் போகிறவர்களுக்கு வேறு பயம். எங்களுக்குச் சூடுதான் பகை.

1964ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. அம்மம்மா கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டா. கரையோரமாகத் திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று இறங்கி, குமணைக் காட்டுக்குள்ளால் நடந்து, ஆடித் தீர்த்தத்துக்குப் போய்ச் சேரும் யாத்திரை அது. கிழமைக்கணக்கில் வீட்டில் ஆள் இராது. அதுவும் ஆனி, ஆடியில். அந்த மாதங்களில்தான் எங்கள் பக்கம் கச்சான் அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழை முழுவதையும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு காய்ந்து சூடேறி இந்தப் பக்கம் இறங்குவதுதான் கச்சான். அது வீசும் காலத்தில் கிடுகுக் கூரைக்கு ஒரு பொறி போதும்.

ஆகவே அம்மம்மாவின் முதல் வேலை அடுப்பை அணைப்பது. மற்ற நாட்களில் அந்த அடுப்பு அணைந்ததே இல்லை. இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைப்பா, காலையில் கிளறி ஊதினால் பிடித்துக்கொள்ளும். அன்று தண்ணீர் ஊற்றி, சாம்பலை அள்ளி வாழையடியில் கொட்டினா. குடங்களைக் கவிழ்த்தா. நெல்லுக்குள் வேப்பிலை போட்டா. கடைசியாக நடுவீட்டைச் சாணத்தால் மெழுகிக்கொண்டே பின்பக்கமாக வெளியே வந்து கதவைச் சாத்தினா.

"ஆருமில்லாத வீட்ட ஏன் மெழுகுற அம்மம்மா?" என்று கேட்டேன். மகளிடம் நான் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

"அம்மனையே குளுத்திட்டுத்தான கதவச் சாத்துறம். வீட்டச் சும்மா சாத்தேலுமா?"

இந்தப் பதிலுக்குள் மட்டக்களப்பின் நெடுங்கால வழக்கம் ஒன்று இருக்கிறது. எங்கள் பகுதியில் கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றின் கதவு வருடத்துக்கு ஒருமுறை, வைகாசியில்தான் திறக்கும். சில நாட்கள் பூசை நடக்கும், கண்ணகி வழக்குரை படிப்பார்கள், கல்யாணக்கால் நடுவார்கள். முடிவில் திருக்குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபத்தைத் தண்ணீராலும் வேப்பிலையாலும் பாட்டாலும் ஆற்றிய பிறகே அடுத்த வைகாசி வரைக்கும் கதவு அடைபடும். எங்கள் ஊர் அம்மனுக்கும் குளிர்த்தி உண்டு. அது முடிந்த கையோடுதான் கதிர்காமத்துக்குப் புறப்படும் காலம் வரும். சூட்டோடு அடைத்த கதவுக்குப் பின்னால் நல்லது இராது என்பது அம்மம்மாவின் கணக்கு.

திறப்பை மடியிலிருந்து எடுத்து அடுத்த வீட்டுச் சின்னம்மாவிடம் கொடுத்தா. சின்னம்மா பொழுதுபட்டதும் அதை என் கையில் தருவா. படத்தடியில் விளக்கு வைப்பது என் வேலை. வெளியே முற்றத்து மணல் அந்நேரமும் காலைச் சுடும். உள்ளே போனால் தரை குளிரும். களிமண் சுவர் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஏறுகிற சூட்டைக் கிடுகின் இடுக்குகள் மேலால் விட்டுவிடும். எட்டு நாளைக்கு ஒருமுறை சின்னம்மா வந்து தரையை ஈரமாய் மெழுகுவா. அந்த ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மெழுகாமல் விட்டால் தரை வெடித்து, வெடிப்பு வழியே கறையான் ஏறும். அம்மம்மா திரும்பி வந்த அன்று சின்னம்மாவின் அடுப்பிலிருந்து பொச்சுமட்டையில் நெருப்பு எடுத்துப் போனதும் நான்தான். அதை ஊதிக் கொடுத்தபின்தான் எங்கள் வீட்டில் மறுபடி உலை வைத்தார்கள்.

சின்னம்மா அடுத்த வீட்டில் இருந்தது தற்செயலல்ல. மட்டக்களப்பில் குடி தாய்வழியால் வருகிறது. வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடித்த ஆண் பெண்டாட்டி வீட்டுக்குப் போகிறான். மூத்தவளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். இப்படிக் காலப்போக்கில் ஒரு வளவு முழுவதும் அக்கா தங்கைகளின் வீடுகளாக நிறையும். எங்கள் வளவில் ஆறு வீடு. ஒருத்தி யாத்திரை போனால், ஒருத்தி வயலோடு வாடியில் தங்கினால், மற்றவள் வீட்டில் இருப்பாள். குடிவழியைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சீதனத்தையும் கோயில் உரிமையையும் எழுதினார்கள். ஆளில்லாத வீட்டுக்கு விளக்கு வைக்க ஒரு கை எப்போதும் இருந்தது என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. விடிந்தபோது ஆறு வீட்டில் ஒன்றுக்கும் கூரை இல்லை. கிடுகு பின்னுவோம் என்றால் தென்னைகளே விழுந்து கிடந்தன. அதன் பிறகு எங்கள் வளவுக்குத் தகரம் வந்தது, சீமெந்துத் தரை வந்தது, பிறகு சீற் வந்தது. பொறிக்குப் பயமில்லை, வருடா வருடம் வேயவும் தேவையில்லை. ஆனால் பூட்டிக் கிடக்கும் தகர வீட்டுக்குள் மத்தியானம் போய்ப் பாருங்கள், போறணைக்குள் தலையை விட்டதுபோல் இருக்கும். மெழுகப் போன சின்னம்மா இப்போது யன்னல் திறக்கப் போனா. வேலை மாறியது, கை மாறவில்லை.

அந்தக் கை 1990இல் விட்டுப்போனது. அந்த வருடம் யுத்தத்துக்குப் பயந்து ஊரே ஒன்றாகப் புறப்பட்டது. நான் படித்த மத்திய மகா வித்தியாலய வளவு 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகியிருந்தது. அங்கேதான் அகதிகளாய் ஆயிரக்கணக்கில் போய் இருந்தோம். வீடு கூப்பிடு தூரம், ஆனால் போகமுடியாது. கதவைப் பூட்டிவிட்டுத் திறப்போடு முற்றத்தில் நின்று சின்னம்மாவைத் தேடினேன். அவவும் தன் திறப்போடு நின்றா. செப்டம்பர் 5ஆம் திகதி அந்த முகாமிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. வீடு திரும்பியவர்களில் பலருக்குத் திறப்பு மிஞ்சியது, கதவு மிஞ்சவில்லை.

மகளின் வீட்டுச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் கருவியைப் பற்றித் தேடிப் படித்தேன். அதற்கும் ஒரு வாத்தியார்தான் காரணம் என்று அறிந்தபோது சந்தோஷமாக இருந்தது. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் படிப்பித்த வாரன் ஜோன்சனின் வகுப்புக்குள், சூடு போதுமா என்று பார்க்கக் காவலாளி அடிக்கடி நுழைவாராம். பிறகு கீழே போய் உலையைச் சரிசெய்வாராம். அந்தக் கரைச்சலைத் தீர்க்க அறையின் சூட்டைத் தானே உணர்ந்து சொல்லும் மின்கருவி ஒன்றை ஜோன்சன் செய்தார். 1883இல் காப்புரிமை கிடைத்தது. அதுதான் இன்றைய தெர்மோஸ்டாட்டின் மூத்த தலைமுறை. ஆள் வந்து பார்க்கத் தேவையில்லாமல் செய்வதே அதன் பிறவிக் குணம்.

அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் குளிரில், சின்னம்மா இல்லாத தெருவில், என் மகளின் வீட்டை அதுதான் காக்கிறது. ஆனால் அது சூட்டை மட்டும் அறியும். கறையான் ஏறியதையோ, விளக்கு வைக்காமல் பொழுதுபட்டதையோ அறியாது. எங்கள் சூட்டுக்கோ பூட்டிய வீட்டில் குளிரூட்டியை ஓடவிட எவரும் நினைக்கமாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியை வெறுமையாக்கிக் கதவை நீக்கி வைப்போம், மெயின் சுவிச்சை இறக்குவோம், மிச்சத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவோம்.

அந்த யாராவது இப்போது நான். ஆறு வீட்டில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன: ஒன்று சுவிஸ், ஒன்று லண்டன், ஒன்று கொழும்பு. மூன்றின் திறப்பும் என் குசினி ஆணியில் தொங்குகின்றன. வெள்ளிக்கிழமைகளில் போய் யன்னல் திறந்து, கூட்டி, விளக்கு வைத்துவிட்டு வருகிறேன்.

வருகிற வைகாசியில், குளிர்த்தி முடிந்ததும், ஆறு மாதத்துக்கு ரொறன்ரோ வரச்சொல்லி மகள் ரிக்கெற் போட்டிருக்கிறாள். நான்கு திறப்பையும் யாரிடம் கொடுப்பதென்று இன்னும் முடிவாகவில்லை.