இருவருக்கு ஒரு மேசை

திருமண நாளன்று கணவனும் மனைவியும் சேர்ந்து சாப்பிட எந்த உணவகத்துக்குப் போவது என்ற கேள்வியின் வரலாற்றைப் பேசப்போகிறேன் என்றேன். அதற்கெல்லாம் வரலாறு உண்டா என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். உண்டு. அது பாரிஸில், உடம்பு முடியாதவர்களுக்குக் கொடுத்த சூப்பிலிருந்து தொடங்குகிறது. செவிலியர் என்ற முறையில் அந்தத் தொடக்கத்தின் மேல் எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

'ரெஸ்டாரண்ட்' என்ற சொல் முதலில் ஓர் இடத்தின் பெயர் அல்ல, ஒரு பண்டத்தின் பெயர். இழந்த பலத்தைத் திரும்பக் கொடுக்கிற இறைச்சிச் சாறுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. கோழியையும் கன்றுக்குட்டி இறைச்சியையும் மூடிய பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் அதிகம் சேர்க்காமல், மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வைத்துச் சத்தை இறக்குவார்கள். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் வைக்கிற நாட்டுக்கோழிச் சாறுதான், பிரெஞ்சுப் பெயரோடு.

1760களில் பாரிஸில் இந்தச் சாறை விற்பதற்கென்றே கடைகள் வந்தன. 1765இல் புலான்ஜே என்பவர் தொடங்கினார், சமையல்காரர் சங்கம் அவர்மேல் வழக்குப் போட்டுத் தோற்றது என்று பல புத்தகங்களில் ஒரு கதை உண்டு. ரெபெக்கா ஸ்பாங் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களில் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு வழக்குக்குத் தடயமே கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்த ஆள் வேறு: மாதுரின் ரோஸ் த ஷாந்துவாசோ. 1766இல் கடை திறந்தவர். நாட்டின் கடனை அடைக்க அரசாங்கத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தவர். நகரத்து வியாபாரிகளின் விவரப் புத்தகம் ஒன்றைத் தானே அச்சடித்து, அதில் முதல் ரெஸ்டாரண்ட்காரர் என்று தன்னையே சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். நம் ஊர் மலர்களில் மலர்க்குழுத் தலைவரின் படம் முதல் பக்கத்தில் வருவது எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்துக் கடை ஒன்றின் வாசலில் மத்தேயு 11ஆம் அதிகாரத்து வசனத்தைக் கொஞ்சம் திருப்பி லத்தீனில் எழுதியிருந்தார்களாம். பாரம் சுமக்கிறவர்களை அழைக்கிற இடத்தில், வயிற்றால் வருந்துகிறவர்களை அழைத்தார்களாம். ஆலயத்தில் வளர்ந்த எனக்கு முதலில் முகம் சுளித்தது. வார்டில் வேலை பார்க்கிறவளுக்குச் சிரிப்பும் வந்தது.

இங்கேதான் நம் விஷயம் இருக்கிறது. அதற்கு முன் பாரிஸில் வெளியே சாப்பிட வேண்டுமென்றால் பெரும்பாலும் 'தாபிள் தோத்' என்ற பொதுமேசைதான். குறித்த நேரம், குறித்த விலை, ஒரே நீள மேசை. பக்கத்தில் யார் உட்காருவார் என்று தெரியாது. பெரிய தட்டுக்கு அருகே வழக்கமானவர்கள் உட்கார்ந்துகொண்டு நல்ல துண்டுகளை எடுத்துவிடுவார்கள் என்று வெளியூர்ப் பயணிகள் புலம்பியிருக்கிறார்கள். உடம்பு முடியாதவருக்கு இது சரிப்படாது. அவருக்குப் பசிக்கும் நேரம் வேறு, வயிறு தாங்கும் அளவு வேறு. அதனால் சாறுக்கடையில் எந்த நேரமும் போகலாம் என்று வைத்தார்கள். என்னென்ன இருக்கிறது, என்ன விலை என்று எழுதிவைத்தார்கள். அவரவருக்குத் தனி மேசை போட்டார்கள். சாப்பிட்டதற்கு மட்டும் காசு. இன்று நாம் காதலர்களுக்கு உரியது என்று நினைக்கிற சின்ன மேசை, பலவீனமான நெஞ்சுள்ள ஆளுக்காகப் போடப்பட்டது. சில ஆண்டுகளில் சாறு பின்னுக்குப் போய்ப் பெரிய சாப்பாடு வந்தது. மேசை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தனி மேசை என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரிய நம் பந்தியை நினைத்துப் பாருங்கள். பந்தியில் வரிசையாக உட்காருகிறோம். எதிரில் பரிமாறுகிறவரின் கால்தான் தெரியும். வீட்டிலும் என் அம்மா அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்பா சாப்பிடுவார், நாங்கள் சாப்பிடுவோம், கடைசியில் அம்மா அடுக்களையில் பலகை மேல் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவாள். அம்மாவுக்கு எந்தக் கறி பிடிக்கும் என்று அப்பாவுக்குத் தெரியுமா என்று யோசித்திருக்கிறேன். இருவர் மேசையில் தப்பிக்க முடியாது. எதிரே இருப்பவள் என்ன சாப்பிடுகிறாள், எதை ஒதுக்குகிறாள் என்று பார்த்தே ஆகவேண்டும்.

1780களில் போவில்லியே என்ற சமையற்காரர் பாரிஸில் ஆடம்பரமான உணவகம் நடத்தினார். புரட்சிக்குப் பிறகு பலே ரொயால் பகுதி முழுக்க உணவகங்கள் நிறைந்தன. அங்கே பெண்கள் ஆண்களோடு வெளிப்படையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் வியந்து எழுதினார்கள். கூடத்தைத் தவிர, கதவு சாத்திக்கொள்ளும் சின்ன அறைகளும் இருந்தன. மேசை, கண்ணாடி, ஒரு சோபா. சோபா எதற்கு என்று பாரிஸ்காரர்கள் யாரும் கேட்டதில்லை. சேன் நதிக்கரையில் இருக்கும் லாபெரூஸ் உணவகத்தின் தொடக்கத்தையும் 1766 என்றுதான் சொல்கிறார்கள். அதன் தனியறைக் கண்ணாடிகளில் இன்றும் கீறல்கள் இருக்கின்றன. பரிசாக வந்த வைரம் அசல்தானா என்று பெண்கள் கண்ணாடியில் கீறிப் பார்த்தார்கள் என்பது கதை. உண்மையோ பொய்யோ, அந்த அறைகளுக்கு மனைவியோடு போனவர்கள் குறைவு என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது.

எந்தக் கடைக்குப் போவது என்ற குழப்பமும் அப்போதே வந்துவிட்டது. 1803இல் கிரிமோ த லா ரெய்னியேர் பாரிஸின் சாப்பாட்டுக் கடைகளுக்கு வழிகாட்டி எழுதத் தொடங்கினார். கடைக்காரர்கள் பண்டங்களை அனுப்புவார்கள், அவருடைய குழு சுவைத்துத் தீர்ப்புச் சொல்லும். இலவசமாகச் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறார் என்ற பேச்சும் உடனே எழுந்தது. மிஷலின் நட்சத்திரம் வந்தது 1926இல்தான்.

லண்டன் தாமதமாகத்தான் வந்தது. நான் வேலை பார்க்கிற இந்த ஊரில் மதிப்பான குடும்பத்துப் பெண் இரவில் பொது இடத்தில் சாப்பிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை வழக்கமில்லை. 1889இல் சவாய் ஹோட்டல் திறந்தது. சேசர் ரிட்ஸ் நிர்வாகம், எஸ்கோஃபியே சமையல். பெண்கள் வந்தால்தான் கூடம் நிறையும் என்று ரிட்ஸுக்குத் தெரிந்தது. பிறகு 1898இல் பாரிஸில் தன் சொந்த ஹோட்டலைத் திறப்பதற்கு முன், மனைவி மேரியை உட்காரவைத்து, எந்த நிற விளக்கில் பெண்ணின் முகம் நன்றாகத் தெரிகிறது என்று மணிக்கணக்கில் சோதித்தார். இளஞ்சிவப்பு சார்ந்த திரை போட்ட விளக்குகள் அப்படி வந்தவை. இன்றைக்கு 'ரொமான்டிக்' என்று விளம்பரம் செய்யும் மங்கிய வெளிச்சத்துக்குப் பின்னால், நாற்காலியில் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மனைவி இருக்கிறாள்.

சவாய்க்குப் போக முடியாதவர்களுக்கு லயன்ஸ் தேநீர்க் கடைகள் இருந்தன. முதல் கடை 1894இல் பிக்கடிலியில் திறந்தது. தட்டச்சுப் பெண்ணும் கடைப் பெண்ணும் தயங்காமல் உள்ளே போகலாம். காதல் வரலாற்றில் அந்தத் தேநீர்க் கடைக்கு சவாயைவிடப் பெரிய இடம் தரவேண்டும் என்பது என் கட்சி.

ஆண் துணை இல்லாமல் வந்தால் கதை வேறு. 1907இல் நியூயார்க்கில் ஹாஃப்மன் ஹவுஸ் ஹோட்டலின் மாடி உணவகத்தில், மாலையில் ஆண் துணையின்றி வந்தார்கள் என்று ஹாரியட் ஸ்டான்டன் பிளாட்ச் என்ற வாக்குரிமைப் போராளிக்கும் அவர் தோழிக்கும் சாப்பாடு மறுத்தார்கள். பிளாட்ச் வழக்குப் போட்டுத் தோற்றார். அதற்கும் பின்னால் வந்தது விலையில்லாத மெனு. ஆணின் கையில் விலையோடு ஒன்று, பெண்ணின் கையில் விலையில்லாமல் ஒன்று. 1980இல் லாஸ் ஏஞ்சலஸின் லொராஞ்சரி உணவகத்துக்குத் தன் தொழில் பங்காளியை விருந்துக்கு அழைத்துப் போன பெண்ணின் கையில் விலையில்லாத அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். காசு கொடுக்கப்போகிறவள் அவள். வழக்குப் போட்டாள். உணவகம் வழக்கத்தைக் கைவிட்டது. இது பழைய காலம் என்று நினைக்க வேண்டாம். பெரு நாட்டின் லிமா நகரில் இதே வழக்கத்துக்காக ஓர் உணவகத்துக்கு அபராதம் விதித்த செய்தி 2019இல் வந்தது.

நம் ஊரில் மேசையில் யார் உட்காரலாம் என்ற கேள்வி முதலில் சாதியாகத்தான் வந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டி நிலையங்களில் பிராமணருக்குத் தனியிடம் என்ற ஏற்பாடு 1941இல்தான் போனது. திருவல்லிக்கேணி முரளி கபே பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்தியது 1957இல். அதன் பிறகும் பெண்ணுக்கென்று 'ஃபேமிலி ரூம்' இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர் ஹோட்டலில் அதற்குப் பாதிக்கதவு. பாரிஸின் தனியறை குடும்பத்திடமிருந்து ஒளிய. எங்கள் ஊர்த் தனியறை குடும்பத்தை ஒளித்துவைக்க.

வார்டில் நடந்த ஒன்றை, ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பக்கவாதத்துக்குப் பின் விழுங்க முடியாத ஒரு மூதாட்டி. எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். மசித்த காரட்டை அச்சில் வைத்து மறுபடி காரட் மாதிரியே செய்து அனுப்புவார்கள். திருமண நாளன்று கணவர் டை கட்டிக்கொண்டு வந்தார். ஆண்டுதோறும் போகிற உணவகத்தில் இந்த வருஷமும் மேசை பதிவு செய்திருந்ததாகவும், அன்று காலையில்தான் ரத்து செய்ததாகவும் சொன்னார். கட்டிலுக்குக் குறுக்கே தள்ளுகிற சக்கர மேசையை ஜன்னலோரம் நகர்த்தி, மேல் விளக்கை அணைத்து, எதிரே ஒரு நாற்காலி போட்டோம். வெளியே கடையிலிருந்து உங்களுக்கு ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். அவள் சாப்பிடுவதே போதும் என்றார். ஒரு தட்டு மிச்சமிருந்தது. அவரும் அச்சுக் காரட்டைத்தான் சாப்பிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மா சிரித்தாள். அட்மிட் ஆனதிலிருந்து அன்றுதான் தட்டைக் காலி செய்தாள்.

உடன் வேலை பார்க்கிற பிள்ளைகள் திருமண நாளுக்கு எங்கே போகலாம் அக்கா என்று கேட்பார்கள். நான் நட்சத்திரம் பார்ப்பதில்லை. பாட்டுச் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்கிறதா, மேசைகள் நெருக்கமாக இருக்கின்றனவா, மெனுவைப் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருக்கிறதா, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் மற்றவரைப் பார்த்து ஏங்காமல் சாப்பிட ஏதாவது உண்டா என்று பார்க்கச் சொல்வேன். இதற்கெல்லாம் மாலை ஆறு மணி நல்ல நேரம். கூட்டம் குறைவு, பரிமாறுகிறவர் அவசரப்படுத்த மாட்டார்.

கேள்விகள் இருந்தால் அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள். லாபெரூஸில் சாப்பாடு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். என் கணவரும் இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.