இருபத்தொன்பதாம் பிரிவும் கேகாலை மாவட்டமும்

மாவனல்லையில் 1864 மார்ச் 21ஆம் திகதி பொலிஸார் சுற்றிவளைத்துப் பிடித்த உத்துவன்கந்தை சரதியலுக்கு, கண்டியில் கூடிய உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்தக் காலத்தில் நீதிமன்றமே ஊரைத் தேடி வந்தது. நீதியரசர் சுற்றில் வருவார், ஜூரிகள் அமர்வார்கள், வழக்கு முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்படுவார். 1801இல் கோட்ரிங்டன் எட்மண்ட் கேரிங்டனை முதல் பிரதம நீதியரசராகக் கொண்டு கொழும்பில் தொடங்கிய அந்த மன்றத்தின் அதிகாரம், மாவனல்லை அடங்கிய பழைய கண்டி இராச்சியத்துக்கு 1833ஆம் ஆண்டுப் பட்டயத்துக்குப் பிறகுதான் எட்டியது.

அடுத்த நூற்றாண்டில் வழக்குகள் இங்கிருந்து, உயர் நீதிமன்றம் இருந்த கொழும்புப் புதுக்கடைக்குப் போயின. அவற்றில் இரண்டு, நாட்டின் அரசியலமைப்பையே கேள்விக்கூண்டில் ஏற்றியவை. இரண்டும் கேகாலை மாவட்டத்தில் பிறந்தவை. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு உண்மையிலேயே காவலா என்பதை நாட்டின் மிகப் பெரிய மன்றத்திடம் நேருக்கு நேர் கேட்டவை இவை இரண்டும்தான் என்று துணிந்து சொல்லலாம்.

அந்தப் பிரிவு சொன்னது இதுதான்: மற்றச் சமூகத்தவர் மீது சுமத்தப்படாத இயலாமையையோ கட்டுப்பாட்டையோ ஒரு சமூகத்தவர் மீது மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது, இயற்றினால் அது செல்லாது. சுதந்திரம் கிடைத்தபோது மலையகத் தமிழருக்குக் கையிலிருந்த ஒரே எழுத்துப்பூர்வ உறுதி அது.

உறுதி எழுதப்பட்ட மை காய்வதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் கடதாசி தோட்டத்து லயத்தில் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? அடுத்த ஆண்டு வந்த 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றது. 1947இல் தொண்டமானை நுவரெலியாவிலும், சி. வி. வேலுப்பிள்ளையைத் தலவாக்கலையிலும், கே. இராஜலிங்கத்தை நாவலப்பிட்டியிலும் வெல்ல வைத்த கைகளிலிருந்து வாக்குச்சீட்டு பறிபோனது. 1952ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்துக்கு அவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸால் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

கேகாலை மாவட்டத்து றுவன்வெல்லைத் தொகுதியும் இதில் தப்பவில்லை. றப்பர் தோட்டங்கள் நிறைந்த அந்தத் தொகுதி, 1936 முதலே இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவைத் தெரிவுசெய்து வந்தது. அங்கே ஜீ. எஸ். என். கோடக்கன் பிள்ளை என்ற இந்தியத் தமிழர், வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கும்படி கேட்டார். பதிவு அதிகாரி பி. பி. முதனாயக்க மறுத்தார். இடாப்பு தொடர்பான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரியாக இருந்த என். சிவஞானசுந்தரத்திடம் விடயம் போனது. அவர் தயங்கவில்லை. இந்தச் சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை, ஆகவே செல்லாதவை, பெயரைச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

ஒரு தேர்தல் இடாப்பை விசாரிக்க அமர்ந்த ஓர் அதிகாரி, பாராளுமன்றத்தின் சட்டத்தையே செல்லாது என்று எழுதுவது சாதாரணக் காரியமல்ல. இந்த வரலாற்றில் சிவஞானசுந்தரத்தின் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியது.

முதனாயக்க அந்தத் தீர்மானத்தை இரத்துச் செய்யும்படி உயர் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்டார். 1951. மன்றத்தின் தலைமை இலங்கையர் கைக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1949இல் ஆதர் விஜேவர்தன முதல் இலங்கைப் பிரதம நீதியரசரானார், அவருக்குப் பின் எட்வர்ட் ஜயதிலக்க. மன்றம் எடுத்த வழி நேரானது, ஆனால் குறுகலானது. சட்டத்தின் வாசகத்தைப் பார். அதில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. நிபந்தனைக்குப் பொருந்துகிறவர் எவரும் குடிமகன், பொருந்தாதவர் எவரும் அல்லர். வாசகம் தெளிவாக இருக்கும்போது ஆணைக்குழு அறிக்கைகளையும் வெளியுலக நடப்பையும் மன்றம் பார்க்கத் தேவையில்லை. சிவஞானசுந்தரத்தின் தீர்மானம் இரத்தானது.

கோடக்கன் பிள்ளையின் மேன்முறையீடு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போய், 1953இல் முடிந்தது. லார்ட் ஓக்ஸி எழுதிய அந்தத் தீர்ப்பில் ஒரு விசித்திரமான திருப்பம் உண்டு. உயர் நீதிமன்றம் அடைத்த கதவை அது திறந்தது: ஆணைக்குழு அறிக்கைகள் போன்றவற்றை நீதிமன்றம் கவனத்தில் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும் என்றது. ஆனால் திறந்த கதவு வழியே உள்ளே வந்தது தோட்டத் தொழிலாளருக்கு எதிரான வாதம். இந்தியத் தமிழர் இங்கும் அங்கும் போய்வரும் பழக்கமுடையவர்கள், அது குடியுரிமைக்கு அவர்கள் தகுதியானவர்களா என்பதோடு தொடர்புடையது. தன் குடிமக்கள் யார் என்று முடிவுசெய்வது எந்த நாட்டுக்கும் இயல்பான அதிகாரம். தவிரவும் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி இருக்கிறதே என்றது பிரிவிக் கவுன்சில்.

அந்த வழி எப்படிப்பட்டது என்பதை எண்களே காட்டும். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் போயின; அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் மேல். கடைசியில் குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. ஆறில் ஒருவர்கூட இல்லை. மற்றவர்களின் தலைவிதியை 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்குபோட்டது. தன் தீர்ப்பால் நாடற்றவராகப் போகிறவர் எத்தனை பேர் என்பதைப் பார்க்க மறுத்த உயர் நீதிமன்றம், சட்ட நுணுக்கத்தில் சரியாக இருந்திருக்கலாம். நீதியில் அது தவறியது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

இரண்டாவது வழக்கு தோட்டத்திலிருந்து அல்ல, கச்சேரியிலிருந்து வந்தது.

செல்லையா கோடீஸ்வரன் கேகாலைக் கச்சேரியில் பணியாற்றிய அரச எழுதுவினைஞர். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் வருமுன்பே சேவையில் சேர்ந்தவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்ற 1961ஆம் ஆண்டுத் திறைசேரிச் சுற்றறிக்கை அவரைத் தொட்டது. பரீட்சைக்குப் போக அவர் மறுத்தார். 1962இல் வரவேண்டிய உயர்வு நிறுத்தப்பட்டது. தொகை சிறியது, அதற்காக அவர் அரசாங்கத்தையே வழக்குக்கு இழுத்தார்.

கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் 1964இல், அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவை மீறுகிறது, செல்லாது என்று தீர்ப்பளித்தார். இங்கேயும் கீழே இருந்தவர்தான் கேள்விக்கு நேராக விடை சொன்னார்.

1967இல் மேன்முறையீட்டை விசாரித்த பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ அந்தக் கேள்வியைத் தொடவில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்குத் தொடர முடியாது. ஆகவே வழக்கே நிற்காது என்றார். பெர்னாண்டோ சட்டப் புலமையில் எவருக்கும் குறைந்தவரல்லர். அப்படிப்பட்டவர் தலைமை தாங்கிய மன்றம், நாடு முழுவதும் காத்திருந்த ஒரு கேள்வியை வாசலிலேயே நிறுத்திவிட்டது என்பதுதான் வருத்தம்.

பிரிவிக் கவுன்சில் 1969இல் அதை ஏற்கவில்லை. லார்ட் டிப்லொக் எழுதிய தீர்ப்பு, இலங்கையில் அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்காடலாம் என்று நிறுவியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. அதற்கு விடை வரவேயில்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 அன்று நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. அதை வகுப்பதில் முன்னின்ற அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, என். எம். பெரேராவின் அதே சமசமாஜக் கட்சிக்காரர். 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த கட்சி அது.

எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழிசெய்த சட்டம் 2003இல்தான் வந்தது, 35ஆம் இலக்கமாக. கோடக்கன் பிள்ளையின் வழக்கு முடிந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து.

இதற்கிடையில் புதுக்கடையின் தலைமையில் ஒரு மாற்றம் நேர்ந்தது. 1984இல் சுப்பையா சர்வானந்தா பிரதம நீதியரசரானார். மூன்று ஆண்டுகளில், மாகாண சபைகளையும் மாகாண மேல் நீதிமன்றங்களையும் உருவாக்கும் பதின்மூன்றாவது திருத்தம் அவர் முன் வந்தது. ஒன்பது நீதியரசர்கள் அமர்ந்து, ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தார்கள். சபரகமுவ மாகாண மேல் நீதிமன்றம் இன்று கேகாலையில் அமர்வதற்கு வழிதிறந்தது அந்தத் திருத்தமே. அந்த ஒன்பது பேர் எதை வைத்துப் பிரிந்தார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.