அழுத்த அலகு மாற்றத்தில் விடுபடும் கூட்டெண்

பொறியியல் கையேடுகளின் பின்னிணைப்பில் அழுத்த அலகுகளுக்கென்று ஓர் அட்டவணை தவறாமல் இருக்கும். ஒரு பார் 100000 பாஸ்கல். ஒரு வளிமண்டலம் 101325 பாஸ்கல். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் விசை 98066.5 பாஸ்கல், ஒரு பி.எஸ்.ஐ. ஏறத்தாழ 6894.76 பாஸ்கல். முதல் மூன்றும் வரையறையிலேயே துல்லியமானவை. நான்காவதும் வரையறுத்த அளவுகளிலிருந்து பெறப்படுவதே. ஆக, காரணிகளில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் ஆலைகளில் அழுத்தக் கணக்கு பிசகுகிறது. அந்தப் பிசகின் வேர் அட்டவணையின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அழுத்த மாற்றம் பல வேளைகளில் பெருக்கலும் கூட்டலும் சேர்ந்தது. அட்டவணையோ பெருக்கலை மட்டும் காட்டி நின்றுவிடுகிறது.

வெப்பநிலையில் இந்தத் தொல்லை குறைவு. செல்சியஸிலிருந்து கெல்வினுக்குப் போக 273.15 கூட்ட வேண்டும் என்று பள்ளிப் பாடமே சொல்லிவிடுகிறது. அழுத்தத்திலும் அப்படியொரு கூட்டெண் உண்டு. குழாயில் பொருத்திய போர்டன் கேஜ் காட்டுவது, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே. நீராவி அட்டவணையும் வாயுச் சமன்பாடும் கேட்பது முழு வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்ட தனி அழுத்தத்தை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்விடத்து வளிமண்டல அழுத்தம். அது ஊருக்கு ஊர் மாறும் எண் என்பதாலேயே அட்டவணையில் இடம்பெறாமல் போயிற்று என்று கருதுகிறேன்.

நம் பாய்லர் அறைகளில் ‘பத்து கிலோ பிரஷர்’ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் விசை, அதுவும் கேஜ் அழுத்தம். இதை 0.980665-ஆல் பெருக்கினால் 9.81 பார். அந்த எண்ணோடு நீராவி அட்டவணையைத் திறப்பவருக்குத் தெவிட்டுநிலை வெப்பநிலை 179 டிகிரி செல்சியஸ் என்று கிடைக்கும். கடல் மட்டத்தில் உண்மையான தனி அழுத்தம் 10.82 பார், வெப்பநிலை 183 டிகிரிக்குச் சற்று மேல். கவனிக்க வேண்டியது வேறொன்று. அலகையே மாற்றாமல், 10 கிலோவை 10 பார் என்று மேலோட்டமாக எடுத்துக்கொண்டவருக்குக் கிடைப்பது 180 டிகிரி. பிழையற்ற பெருக்கல் செய்தவர் உண்மையை விட்டு இன்னும் ஒரு டிகிரி தள்ளிப் போயிருக்கிறார்! அழுத்தம் குறையக் குறைய நிலைமை மோசமாகும். ஒரு கிலோ கேஜ் அழுத்தத்தில் இதே தவறு 120 டிகிரியை 99 டிகிரி என்று காட்டும்.

கூட்டெண் தெரிந்தவர்களும் அதை எங்கும் 1.013 பார் என்றே வைத்துக்கொள்கிறார்கள். ஆய்வகங்களில் ஆட்டோகிளேவுக்கு 15 பி.எஸ்.ஐ., 121 டிகிரி என்ற இணை மந்திரம்போல் வழங்குகிறது. சென்னையில் அது சரி: 1.03 பாரும் 1.01 பாரும் சேர்ந்து 2.05 பாரை ஒட்டி வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 0.78 பார்தான். அங்கே அதே கேஜ் முள் அதே 15-இல் நின்றாலும் உள்ளே 117 டிகிரியைத்தான் எதிர்பார்க்கலாம். கிருமிநீக்கத்துக்கு இந்த நான்கு டிகிரி அற்பமல்ல. அங்கே கேஜ் முள்ளை நம்பாமல் வெப்பமானியைப் பார்த்து இயக்குவதே முறை. இல்லையேல் முள்ளை 18, 19 பி.எஸ்.ஐ. வரை ஏற்ற வேண்டும், கலனின் அனுமதி வரம்புக்கு உட்பட்டு. வெற்றிடப் பம்புக்கும் இதே கதைதான். ‘700 மில்லிமீட்டர் வெற்றிடம்’ என்ற விவரக்குறிப்பு சென்னையில் 60 மில்லிமீட்டர் பாதரசத் தனி அழுத்தத்தைக் குறிக்கும். உதகையில் காற்றின் மொத்த அழுத்தமே 600 மில்லிமீட்டரை எட்டாது. அந்தக் குறிப்பை அங்கே எந்தப் பம்பாலும் நிறைவேற்ற முடியாது.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. பன்னாட்டு எடை, அளவுகள் அமைப்பின் எஸ்.ஐ. கையேடு, அளக்கப்படும் பொருளைப் பற்றிய தகவலை அலகின் குறியீட்டில் ஏற்றக் கூடாது என்கிறது. அந்த நெறிப்படி ‘பார் கேஜ்’ என்று ஓர் அலகு கிடையாது. ‘கேஜ் அழுத்தம் 10 பார்’ என்றே எழுத வேண்டும். தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் ஆலையில் தகவல் பயணிக்கும் விதம் வேறு. பதிவேட்டின் தலைப்பில் இருக்கும் ‘கேஜ் அழுத்தம்’ அங்கேயே தங்கிவிடும். எண்ணும் அலகும் மட்டும் கணினித் தாளுக்கும் கொள்முதல் ஆணைக்கும் நகரும். எண்ணோடு ஒட்டிச் செல்லக்கூடியது அலகு ஒன்றுதான் என்றால், ‘கேஜ்’, ‘தனி’ என்ற அடையாளத்தையும் அதிலேயே கட்டி அனுப்பும் ஆலை வழக்கம் இலக்கணப் பிழையாக இருந்தாலும் பாதுகாப்பானது.

பார், கிலோ, வளிமண்டலம் மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை என்பதும் பிழைக்குத் துணைபோகிறது. பி.எஸ்.ஐ.யைப் பார் என்று எழுதினால் பதினான்கு மடங்கு வேறுபாடு உடனே கண்ணில் படும். கிலோவைப் பார் என்று எழுதினால் இரண்டு சதவீதம், கேட்பாரில்லை. பாதரசக் கம்பமும் சலுகை பெற்றே வாழ்கிறது. 0 டிகிரி வெப்பநிலையையும் 9.80665 என்ற நியம ஈர்ப்பு முடுக்கத்தையும் வைத்து வரையறுத்த அதன் மில்லிமீட்டர், 30 டிகிரி அறையில் திருத்தாமல் படிக்கப்பட்டால் 760-க்கு 764 காட்டும்.

அட்டவணையை அச்சிடுவோர் செய்யக்கூடியது சிறியது: காரணிகளுக்குக் கீழே ‘அவ்விடத்து வளிமண்டல அழுத்தம்’ என்று ஒரு வெற்றுக் கட்டம் விட்டு, ஆலைக்காரரே அதை நிரப்பும்படி கேட்கலாம். வடிகட்டியின் இரு பக்கங்களுக்கு இடையிலும் ஆரிஃபிஸ் தகட்டின் குறுக்கிலும் அளக்கும் அழுத்த வேறுபாட்டுக்கு மட்டும் இது தேவையில்லை. கழித்தலில் வளிமண்டலம் தானாகவே அடிபட்டுப் போகும்.