மகாகஸ்தோட்டை மலைக்கு எத்தனை சிலிண்டர் வேண்டும்?

பந்தயக் கார் என்றால் எட்டுச் சிலிண்டராவது இருக்க வேண்டாமா என்று அண்மையில் ஓர் இளைய நண்பர் என்னிடம் கேட்டார். அவர் நுவரெலியாப் பக்கத்தவர் அல்லர். ஆகையால் அக்கேள்வியை மன்னித்துவிடலாம். எங்கள் மலைநாட்டில் இந்த விடயத்தைப் பணமும் விருப்பமும் மட்டும் தீர்மானித்ததில்லை. பிரித்தானியாவின் வரிச் சட்டமும், மலையின் மெல்லிய காற்றும், கொழும்பின் இறக்குமதி அனுமதிப் பத்திரமும் சேர்ந்தே தீர்மானித்தன.

நுவரெலியா நகரை அடுத்துள்ள மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வழியே வளைந்து ஏறும் பாதையில் 1934ஆம் ஆண்டு முதன்முதலாக மலையேற்றப் போட்டி நடைபெற்றது. இலங்கையின் மோட்டார்ப் போட்டிகளுள் மிகப் பழையது இதுவே. வாகனங்கள் ஒன்றுடன் ஒன்று முட்டிமோதி ஓடும் பந்தயமன்று இது. ஒவ்வொன்றாகப் புறப்பட்டு மேலே செல்ல வேண்டும், கடிகாரம்தான் எதிராளி.

அதே 1934இல்தான் ஜெர்மனியின் ஓட்டோ யூனியன் நிறுவனம் பதினாறு சிலிண்டர் எஞ்சினைச் சாரதியின் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பந்தயக் கார் ஒன்றை இறக்கியது. மலைப் பந்தயங்களில் பேர்பெற்ற ஹான்ஸ் ஸ்டுக் அதனை ஓட்டினார். எங்கள் துரைமாருக்கு அத்தகைய பகட்டு வாய்க்கவில்லை. அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்கள். அங்கே 1921 முதல் காரின் வரி குதிரைவலுக் கணக்கில் அறவிடப்பட்டது. ஒரு குதிரைவலுவுக்கு ஒரு பவுண். வேடிக்கை என்னவெனில், அந்தக் குதிரைவலு எஞ்சினின் உண்மையான வலுவன்று. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு போட்ட காகிதக் கணக்கு. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதை அது கேட்பதேயில்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் சிலிண்டரை ஒடுக்கி உயரத்தை நீட்டினார்கள். ஒஸ்டின் செவன் காரின் நான்கு சிலிண்டர்களின் விட்டம் 56 மில்லிமீற்றர்; பிஸ்டனின் ஓட்டமோ 76. பிற்காலத்து எம்.ஜி. டி.சி. காருக்கு 66.5க்கு 90. இத்தகைய எஞ்சின் வேகமாகச் சுழலாது. ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும். வரிக்குப் பயந்து செய்த எஞ்சின், தேயிலை மலையின் கொண்டையூசி வளைவுகளுக்குப் பொருந்திப்போயிற்று.

என் தகப்பனார் நானுஓயாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் லொறிச் சாரதி. சிலிண்டர் என்பதை எனக்கு அவர் கற்பித்தது காரில் அன்று; ஸ்டோரில். கொழுந்து அரைக்கும் இயந்திரங்களை ஓட்டிய அந்த எண்ணெய் எஞ்சினுக்கு ஒரே ஒரு சிலிண்டர். ஆள் உயரச் சக்கரம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஒரு மூச்சு விடலாம். “இது ஒத்தையாள் மூட்டை தூக்குற மாதிரி. நாலு பேர் சேர்ந்தா ஆட்டம் இல்லாம தூக்கலாம், பதினாறு பேர் சேர்ந்தா ஒருத்தன் காலை ஒருத்தன் மிதிப்பான்” என்பார். பொறியியலாளர்கள் இதனை ஒப்புக்கொள்வார்களோ தெரியாது. சித்திரை மாதம் அவருடன் மகாகஸ்தோட்டைக்குச் சென்று, லயத்துப் பிள்ளைகளோடு மண்மேட்டில் நிற்பேன். வளைவுக்கு அப்பால் கார் கண்ணில் படுமுன்னரே ஓசையைக் கொண்டு இன்ன கார் என்று பந்தயம் கட்டுவோம். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் வீட்டிலும் சைக்கிள்கூட இருந்ததில்லை.

அங்கேதான் பின்பக்க எஞ்சினின் நியாயம் எனக்குப் புரிந்தது. மேட்டில் கிளம்பும்போது காரின் பாரம் பின்சக்கரங்களின் மீது சாய்கிறது. எஞ்சினும் பின்னாலிருந்தால் அச்சக்கரங்கள் ஈர மண்ணிலும் பிடிக்கும். வொல்க்ஸ்வாகன் பீட்டில் மூச்சு வாங்கினாலும் வழுக்காமல் கிளம்பும். இங்கிலாந்தில் கூப்பர் தந்தையும் மகனும் 1946இல் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் காரின் பின்புறத்தில் வைத்ததற்குக் காரணம் பெரிய தத்துவமன்று. சங்கிலி பின்சக்கரத்துக்குக் கிட்டவாக இருக்க வேண்டும் என்பதே. அந்தச் சிக்கனம் வளர்ந்து, 1959இலும் 1960இலும் ஜாக் பிராபமை நான்கு சிலிண்டர் கூப்பரில் உலக வெற்றியாளராக்கியது.

எனினும் எங்கள் மலையின் செல்லப்பிள்ளை பின் எஞ்சின் கார் அன்று; மினிதான். 1959இல் வெளிவந்த அதன் எஞ்சின் முன்னால், அதுவும் குறுக்காக, ஓடுவதும் முன்சக்கரம். கணக்குப்படி மேட்டில் அது தோற்க வேண்டும். கிளம்பும்போது சக்கரம் சுழன்று புகைவது உண்மை. ஆனால் வளைவு வந்ததும் அதன் குட்டை உடம்பும் நான்கு மூலைகளிலும் தள்ளி நிற்கும் சக்கரங்களும் இழந்ததை மீட்டுத் தந்துவிடும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களிலும், 1977 வரையிலும் புதிய கார்கள் வருவது அரிதாயிற்று. இருந்த மினியையும் மொறிஸையும் பழுதுபார்த்தே ஓட்டினார்கள்.

இதில் எவரும் எழுதாத ஒன்று உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சீராக ஓடும் கார் இங்கே வந்ததும் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் குடித்துக் கரும்புகை கக்கும். ஆறு சிலிண்டராயினும் அதே கதி. எஸ்.யு. காபரேட்டரின் உள்ளே நூல்போன்ற ஊசியொன்று உண்டு. அதனைக் கழற்றி, பெற்றோலைக் குறைத்துவிடும் சற்றுப் பருத்த ஊசியைப் பொருத்த வேண்டும். நகரில் ஒரு தகரக் கொட்டகையில் அதைச் செய்துவந்தவர் தோட்டத்துத் தமிழர். பாஸ் என்றே எல்லோரும் அழைத்தனர். போட்டிக்கு முதல்நாள் விடிய விடிய அவர் வாசலில் கார்கள் நிற்கும்.

1970களின் பிற்பகுதியில் நான் பத்திரிகை நிருபராக அப்போட்டிக்குச் சென்றேன். சாரதிகளின் பெயர்களையும் நேரங்களையும் நூறிலொரு விநாடி பிசகாமல் எழுதி அனுப்பினேன். மறுநாள் பத்திரிகையை விரித்த தகப்பனார் இரண்டு முறை படித்துவிட்டு, “ஊசி மாத்துனவன் பேர் எங்கேப்பா?” என்றார். முடிவுப் பட்டியலில் இல்லாத பெயரை எப்படிப் போடுவது என்று ஏதோ சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை.

ஆண்டுகள் கழித்து, இதழொன்றுக்கு எழுதும் நோக்கத்துடன் பாஸைத் தேடிப்போனேன். அப்பொழுது ஜப்பானிய இரண்டு லீற்றர், நான்கு சிலிண்டர் டர்போக் கார்கள் வந்துவிட்டிருந்தன. மலை பறித்த காற்றை டர்போ அமுக்கி உள்ளே திணித்துவிடுகிறது. மிட்சுபிஷி லான்சர் நான்கு சக்கரத்தாலும் ஏறுகிறது. சுபாருவில் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்துக்கொள்கின்றன. ஊசிக்கு வேலையில்லை. பாஸ் ஒரு பிஸ்கற் டின்னைத் திறந்து காட்டினார். கொழும்புக் கார்களிலிருந்து கழற்றிய ஊசிகள், கார் இலக்கம் எழுதிய காகிதங்களில் சுற்றியபடி இருந்தன. மலை ஊசியுடன் கீழே இறங்கினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறி வால்வு எரிந்துவிடும். ஆகவே போட்டி முடிந்ததும் வந்து பழையதை மாட்டிச் செல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். வெற்றிக் களிப்பில் சிலர் மறந்தே போய்விட்டார்களாம்.

“வருவாங்கன்னுதான் வச்சிருக்கேன், தம்பி” என்றார். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று இருந்தன.