யாருடைய மலைக்கு மாற்றிய வண்டி?

போடிப் பக்கம் ஜீப்பை வாங்கிய கோலத்திலேயே ஓட்டியவர்களை நான் பார்த்ததில்லை. புது வண்டி முதலில் போவது பட்டறைக்கு. கமான் கட்டில் இரண்டு பட்டை கூடுதலாக ஏறும். பின்னால் இரு பக்கமும் பெஞ்சு அடித்து, தார்ப்பாய்க்குக் கம்பி வளைத்து, ஏறி இறங்க ஒரு படி வைப்பார்கள். அப்புறம்தான் வண்டி போடிமெட்டு ஏறும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்கு அதுதான் முறை. தேனியில் லேத் பட்டறையில் தொழில் பழகி, பிறகு சொந்தமாக ஜீப் வேலை எடுத்துச் செய்தவன் நான். பழைய வண்டி வாங்க நினைக்கிறவர்கள் இன்றைக்கும் தேடி வந்து கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, கம்பெனி ஃபிட்டிங்கா இருக்கிற வண்டிய எடுக்கவா, வேலை செஞ்ச வண்டிய எடுக்கவா?”

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஜீப் வருவதற்கு முன் எங்கள் மலையில் சரக்கு ஏறி இறங்கியது கழுதை முதுகிலும் ஆள் தலையிலும். மூணாறு தேயிலைக்கு மட்டும் வேறு வழி இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் குரங்கணிப் பக்கம் கோட்டகுடிக்கு இறங்கி, போடி வந்து சேரும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகும் மலைக்குள் இருந்த சின்னத் தோட்டங்களுக்குத் தடம் மட்டும்தான் இருந்தது, ரோடு இல்லை. தடத்தில் ஏறும் வண்டி என்ற ஒன்றே அப்போது உலகத்தில் அபூர்வம்.

1940-இல் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளிடம் கேட்டது. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரிலிருந்த பேண்டம் கம்பெனி, கொடுத்த 49 நாள் கெடுவுக்குள் மாதிரி வண்டியைக் கொண்டு நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். இருவரும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தார்கள். எங்கள் தொழிலுக்கு இதில் ஒரு விஷயம் முக்கியம். வில்லிஸ் வண்டியின் பாகம் ஃபோர்டு வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்பது ராணுவம் போட்ட கட்டளை. போர்க்களத்தில் நொறுங்கிய இரண்டு வண்டியிலிருந்து ஓடும் வண்டி ஒன்றைச் சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்ப்பதற்கென்றே பிறந்த வண்டி ஜீப். அதைப் பிரித்து மாற்றுவது பின்னால் யாரோ கண்டுபிடித்த பழக்கம் இல்லை.

போர் முடிந்ததும் இங்கே கிடந்த ராணுவ வண்டிகள் டிஸ்போசலில் ஏலம் போயின. 1945-இல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கிய கம்பெனி, குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போன பிறகு, 1948-இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. 1949-இல் பம்பாய் மசகானில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கினார்கள். பின்னால் வந்த சிஜே 3பி மாடலில் இன்ஜின் உயரம் கூடியதால் பானெட்டைத் தூக்க வேண்டி வந்தது. அந்தத் தூக்கிய பானெட்தான் நம் ஊரில் ஜீப் என்றதும் கண்ணில் நிற்கும் முகம். அமெரிக்காவில் 1968-இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது.

அந்தப் பழைய சிவிலியன் ஜீப்பின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். முதல் கியர் 2.8. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் 2.46. அச்சில் கிரவுன் பினியன் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது இன்ஜின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இன்ஜினுக்கு இருந்தது 60, 70 குதிரைச் சக்தி. ஆனால் இந்த 37 இருந்ததால் பாறை மேல் ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக, ஆக்சிலேட்டரை மிதிக்காமலே ஏறும். இறக்கத்திலும் பிரேக்கை நம்ப வேண்டியதில்லை. இப்போது அதே வண்டிக்கு, கம்பெனி கொடுத்த 29 அங்குல உயரம் வரும் 6.00-16 டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் போடுகிறார்கள். பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் 37 என்பது 32-ஐ ஒட்டி இறங்கிவிடும். கிரவுன் பினியனையும் சேர்த்து மாற்றாமல் டயரை மட்டும் பெரிதாக்கிய வண்டி, மலைக்குக் கம்பெனி வண்டியை விட மோசம். விற்பவர் டயரைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பார். நான் அதற்காக விலையைக் குறைக்கச் சொல்வேன்.

எங்கள் பக்கம் பெரிய மாற்றம் டீசலால் வந்தது. பெட்ரோல் விலை ஏற ஏற, ஜீப் வைத்திருந்தவர்கள் டீசல் இன்ஜினைத் தேடினார்கள். கம்பெனியே டிராக்டருக்குச் செய்த இன்டர்நேஷனல் இன்ஜினையும், பிறகு பிஜோ டீசல் இன்ஜினையும் ஜீப்பில் வைத்துக் கொடுத்தது. அதைப் பார்த்துப் பட்டறைகளும் செய்தன. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கி வந்து பெட்ரோல் ஜீப்பில் இறக்குவார்கள். அந்த வேலையின் உயிர் ஒரு இரும்புத் தட்டில் இருக்கிறது. புது இன்ஜினையும் பழைய கியர் பாக்ஸையும் சேர்க்க, நடுவே ஒரு தட்டைக் கடைந்து வைக்க வேண்டும். தட்டின் நடுத்துளை கிராங்கின் மையத்தோடு மயிரிழை விலகினாலும் போச்சு. கிளட்ச் தட்டு ஒருபக்கமாகத் தேயும், கியர் பாக்ஸின் முன் பேரிங் கத்த ஆரம்பிக்கும், கொஞ்ச நாளில் இறக்கத்தில் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். பதினேழு கொண்டை ஊசி வளைவு உள்ள போடிமெட்டுப் பாதையில் அது எப்படிப்பட்ட ஆபத்து என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். டயல் கேஜ் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தட்டைக் கடைந்த மேஸ்திரிகள் இருந்தார்கள். கண்ணளவில் அடித்து மாட்டியவர்களும் இருந்தார்கள். வெளியே நின்று பார்த்தால் இரண்டு வண்டியும் ஒன்றுபோல்தான் இருக்கும். பெயின்டும் பளபளப்பும் உங்களுக்கு எதையும் சொல்லாது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் கையை எடுத்துவிட்டுக் கியர் கம்பு நடுங்குகிறதா என்று பார்த்தால் தெரியும்.

ஜபல்பூர் ராணுவ வண்டித் தொழிற்சாலையில் நிசான் பேட்ரோலைப் பார்த்துச் செய்த ஜோங்காவுக்கும் இதே கதைதான். ஏறக்குறைய நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ராணுவத்திலிருந்து கழித்துவிட்ட ஜோங்காவை ஆசைப்பட்டு எடுத்தவர்கள் அதன் பெட்ரோல் பசிக்குத் தாங்காமல் டீசலுக்கு மாற்றினார்கள். இன்ஜின் கனம் மாறியதற்கு ஏற்ப முன் பட்டைகளையும் பார்த்துச் செய்தவர்களின் வண்டி நின்றது. மற்றவை பட்டறைக்கும் வீட்டுக்குமாக அலைந்தன.

டார்ஜிலிங் பக்கம் மானேபன்ஜாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்கு ஏறும் பழைய லேண்ட் ரோவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர்கள் விட்டுப்போன 1950-களின் வண்டிகள். உள்ளே இருப்பது பெரும்பாலும் மஹிந்திரா டீசல் இன்ஜின். பழமையைப் போற்றுகிறவர்கள் அதைக் கெடுத்துவிட்டதாகச் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த மாற்றம் இல்லாமல் அந்த வண்டிகள் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

அதே நேரம் ஹரியானா, பஞ்சாப் எல்லையில் மண்டி டப்வாலி என்ற ஊர், ஜீப்பை மாற்றிக் கொடுப்பதையே பெரிய தொழிலாக வளர்த்தது. அகலமான டயர், திறந்த உடம்பு, ஸ்பீக்கர், கண்ணைப் பறிக்கும் பெயின்ட். கல்யாணத்துக்கும் கிராமத்துச் சாலைக்கும் ஆசை ஆசையாகச் செய்த வண்டிகள் அவை. டிங்கரிங் வேலை சுத்தம். ஆனால் சமவெளி ஊருக்காகச் செய்தது. அதை இங்கே கொண்டுவந்து குரங்கணித் தடத்தில் விட்டால் அகல டயர் கல்லில் மோதி ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். எங்கள் ஏலத்தோட்ட ஜீப்பைக் கோயம்புத்தூரிலிருந்து வார இறுதி ஓட்டத்துக்கு வாங்கிப் போகிறவர்களுக்கும் இதே ஏமாற்றம். பத்துப் பேருக்கு மேல் ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை போட்ட வண்டி, இரண்டு பேரோடு போகும்போது வளையவே வளையாது. குழியில் ஒரு சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும், இழுவை போய்விடும். குறை சொல்ல ஆளில்லை. அந்த வண்டி வேறொரு பாரத்துக்காக, வேறொரு மலைக்காக மாற்றப்பட்டது.

சட்டம் இந்த வழக்கத்தை மெல்ல நெருக்கியது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு 2000-இல் திருத்தப்பட்டு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக ஆர்சி விவரம் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றானது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. மாற்றியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவர்.

கம்பெனி வண்டியும் மாறிவிட்டது. 2010-இல் வந்த மஹிந்திராவின் முதல் தார், துணிக் கூரையோடு வெறும் எலும்பாக வந்தது. வாங்கியவர்கள் கூரை, சீட், பம்பர் என்று எல்லாவற்றையும் வெளியில் செய்தார்கள். 2020 தார் வரும்போதே கடினக் கூரையும் ஆட்டோமேட்டிக் கியரும் வைத்து வந்தது. வார இறுதியில் மலைக்குப் போக நினைக்கும் தம்பிகளிடம் நான் தயங்காமல் சொல்கிறேன்: தொடாத வண்டியை எடு. ஒரு வருஷம் உன் பாதையில் ஓட்டு. எங்கே தட்டுகிறது, எங்கே சறுக்குகிறது என்று உனக்கே தெரியும். அப்புறம் சட்டத்துக்குள் எது முடியுமோ அதைச் செய்துகொள்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவருக்கு இந்தப் பதில் உதவாது என்பதுதான் என் வருத்தம். தாரில் பத்துப் பேர் உட்கார முடியாது. விடியுமுன் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறும் பெண்கள் உட்காருவது தயாரிப்பு நின்றுபோன மஹிந்திரா கமாண்டரிலும் மேஜரிலும்தான். அவர்களுக்கென்று கம்பெனி ஒரு வண்டியை நினைத்துச் செய்யவில்லை, பட்டறைகள்தான் செய்தன. அந்தத் தொழிலுக்கு வண்டி தேடுகிறவர் வந்தால், இதே மலையில் ஓடிய, நமக்குத் தெரிந்த மேஸ்திரி கை வைத்த வண்டியைத்தான் நானே காட்டுகிறேன். பின் ஹவுசிங்கில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா, கூடுதல் பட்டைக்கு ஏற்ப யூ போல்ட் நீளமாகப் போட்டிருக்கிறதா என்று கீழே படுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அதற்கெல்லாம் முன்னால் ஆர்சி புக்கை வாங்கி இன்ஜின் நம்பரையும் எரிபொருளையும் பார்க்க வேண்டும். புக்கில் பெட்ரோல், உள்ளே டீசல் என்றால் வேலை எத்தனை சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். விபத்து என்று ஒன்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ் பணத்தை மறுக்க அந்த ஒரு வரி போதும். அப்போது இழப்பவர் வண்டிக்காரர் மட்டுமல்ல, பின் பெஞ்சில் கூலிக்குப் போன அத்தனை பேரும்.