சாகுந்தல மறுபடைப்புகளில் சகுந்தலையும் மீனவனும்

முன்னுரை

பழைய நாடகங்களின் காதற்கதைகளை இக்கால நாவலாசிரியர் மீண்டும் எழுதும்போது, மூலத்தில் ஓரத்தில் நின்றோரை நடுவிற்குக் கொணர்கின்றனர். காளிதாசரின் சாகுந்தலம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் மறுபடைப்பு வரலாற்றில் சகுந்தலையும் மீனவனும் பெறும் இடத்தை மும்பைச் சூழலோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலமும் மாற்றமும்

மகாபாரத ஆதிபருவத்துச் சகுந்தலை, மகனுடன் அவை புகுந்து தன் உரிமைக்காக வாதிடுபவள். துஷ்யந்தன் அவளை அறிந்தே மறுக்கிறான். காளிதாசரோ துருவாசரின் சாபத்தையும் மோதிரத்தையும் புகுத்தி, அரசனின் குற்றத்தை மறதியாக்கினார். ஐந்தாம் அங்கத்தில் சகுந்தலை அரசனைக் கடிந்துரைப்பினும், அவள் சொல் வழக்கைத் தீர்ப்பதில்லை, மோதிரமே தீர்க்கிறது. வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் 1999-இல் வெளியிட்ட சகுந்தலை பற்றிய நூலில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மேடை, திரை, நாவல்

1880-இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் மராத்தியில் இந்நாடகத்தை இசைநாடகமாக்கினார். அம்மேடையில் பாலகந்தர்வர் முதலிய ஆடவரே சகுந்தலையாக வேடம் புனைந்தனர். 1907-இல் மறைமலையடிகள் தமிழில் பெயர்த்தார். மூலத்தில் அரசன் வடமொழியும், சகுந்தலையும் மீனவனும் பாகதமும் பேசுவர். மொழியாலேயே காட்டப்பட்ட இவ்வுயர்வுதாழ்வு தமிழில் அப்படியே நிற்க இயலாது. 1943-இல் மும்பையில் வி. சாந்தாராம் எடுத்த திரைப்படத்தில் ஜெயஸ்ரீ சகுந்தலையாக நடித்தார்.

2005-இல் வெளிவந்த நமிதா கோகலேயின் ஆங்கில நாவல், காளிதாசரின் தலைவியின் பெயரைத் தாங்கிய மற்றொரு பெண்ணைப் படைக்கிறது. மணவாழ்வில் நிறைவுறாத அவள் கிரேக்க வணிகன் ஒருவனுடன் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். மும்பையைச் சார்ந்த உத்கர்ஷ் படேலின் 2015-ஆம் ஆண்டு நாவல், அநீதிக்கு உள்ளான பெண்ணாகவே சகுந்தலையைத் தலைப்பில் சுட்டுகிறது. மறக்கப்பட்டவள் தன் கதைக்குத் தானே உரியவளாகும் நிலையை இவற்றில் காணலாம்.

மீனவனின் நிலை

மீன் வயிற்றில் மோதிரத்தைக் கண்டெடுத்த மீனவனே காதலரை இணைப்பவன். அவனையோ காவலர் கட்டி இழுத்துவந்து, அவன் தொழிலை எள்ளுகின்றனர். பிறப்பால் வந்த தொழில் இழிந்ததாயினும் விடத்தக்கதன்று என்பது அவன் மறுமொழி. பரிசு பெற்றதும் பாதியை அவன் காவலருக்கு ஈகிறான். உடனே அவர்களுக்கு அவன் நண்பனாகிறான். அதன்பின் நாடகத்தில் அவனுக்கு இடமில்லை.

இக்காட்சியை மும்பைத் தாராவியில் இருந்து படிப்போர்க்கு அது வெறும் நகைச்சுவையாகாது. மாகிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவி, முதலில் கோலி மீனவர் வாழ்ந்த கோலிவாடா. பின்னர்த் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழர் பலர் அங்குத் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். தொழிலைக் கொண்டு மனிதரை இழித்தல் இவ்விரு சாராரும் அறிந்ததே. ஆதலின் மீனவனைப் பேச வைப்பது மட்டும் போதாது. காளிதாசர் அவனுக்கு அளித்த பேச்சு, தன்னைத் தாழ்த்தும் அதே பிறப்புவழித் தொழில்முறைக்கு அரண் செய்வதாகும்.

முடிவுரை

அரசனின் மறதியை மன்னிக்க மறுத்தபோது சகுந்தலைக்குப் புதிய கதை பிறந்தது. பிறப்புவழித் தொழிலே அறம் என்னும் மறுமொழியைக் கைவிடும்போதே மீனவனுக்கும் புதிய கதை பிறக்கும். எல்லோரையும் உள்ளடக்கும் மறுபடைப்பு என்பது பாத்திரங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதன்று. மூலம் அவர்கள் வாயில் வைத்த சொல்லையும் கேள்விக்கு உட்படுத்துவதாகும் என்பது இவ்வாய்வின் முடிபு.