ஆறு மணி நேரம் பெட்டிக்குள்

வாடகைக்கு எடுத்த ஒரு கிடங்கு அறை. அதற்குள் ஒரு பெட்டி. ஓர் ஆள் படுத்தால் இடம் தீர்ந்துவிடும். காலையில் பெட்டியை இயக்கிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் ஓட்டல் அறையில் அடைந்து கிடக்க வேண்டும். பிற்பகலில் திரும்பி வந்து, பிராணவாயு சிலிண்டரோடு உள்ளே படுக்க வேண்டும். ஆறு மணி நேரம் இருட்டில் கிடந்துவிட்டு வெளியே வந்தால் மறுபடி அதே காலை. ஆறு மணி நேரம் பின்னால் போக, ஆறு மணி நேரத்தைத் தன் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பெட்டி இயங்கத் தொடங்கிய நேரத்துக்கு முன்னால் ஒரு நொடிகூடப் போக முடியாது.

2004-இல் வந்த 'பிரைமர்' படத்தின் சட்டம் இது. எடுத்தவர் ஷேன் கரூத். கணிதம் படித்தவர், சினிமாவைத் தானே கற்றுக்கொண்டவர். செலவு சுமார் 7,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய். நம் ஊரில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கே போதாத அந்தப் பணத்தில் எடுத்த படம், சன்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் முதல் பரிசை வாங்கியது.

காலப் பயணம் சினிமாவுக்கு வந்தபோது வசதியான வீட்டுப் பிள்ளையாகத்தான் வந்தது. 'டைம் மெஷின்' என்ற சொல்லையே பரப்பியவர் எச்.ஜி.வெல்ஸ். 1895-இல் வந்த அந்த நாவலை ஜார்ஜ் பால் 1960-இல் படமாக்கினார். எதிரே இருக்கும் கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையின் உடை மாறிக்கொண்டே போவதைப் பார்த்து, ஆண்டுகள் ஓடுவதை நாயகன் புரிந்துகொள்வான். அழகான யோசனை. தந்திரக் காட்சிகளுக்காக அந்தப் படம் ஆஸ்கர் பெற்றது. காலப் பயணம் என்றால் மின்னும் இயந்திரமும் சுழலும் சக்கரமும்தான் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வேரூன்றியது.

இரண்டே ஆண்டுகளில் அந்த எண்ணத்தை அசைத்தார் பிரான்சின் கிறிஸ் மார்க்கர். 1962-இல் அவர் எடுத்த 'லா ஜெத்தே' 28 நிமிடம். கிட்டத்தட்ட முழுக்கவே அசையாத புகைப்படங்கள். அவற்றின் மேல் ஒரு குரல் கதை சொல்லும். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துவிட்டது. மிஞ்சியவர்கள் நிலத்தடியில் வாழ்கிறார்கள். சிறுவயதில் ஓர்லி விமான நிலையத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகத்தை மறக்காத கைதி ஒருவனைப் பிடித்து, கண்களை மூடிக் கட்டி, ஊசி போட்டுக் கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். இயந்திரம் என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. அவன் நினைவின் பிடிவாதம்தான் வாகனம்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. அந்தப் பெண் தூங்குகிறாள். ஒரு படம், அடுத்த படம், அதற்கடுத்த படம். தலை கொஞ்சம் திரும்புகிறது, கை நகர்கிறது. பறவைகளின் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. சட்டென்று அவள் கண் திறந்து நம்மைப் பார்க்கிறாள், இமைக்கிறாள். படம் முழுவதிலும் அசையும் காட்சி இது ஒன்றே. சில நொடிகள்தான். ஆனால் அதுவரை உறைந்து கிடந்த காலம் மூச்சு விடுவது போல இருக்கும். கோடிக்கணக்கில் கொட்டினாலும் இந்த அதிர்ச்சியை விலைக்கு வாங்க முடியாது. இதே கதையை எடுத்துக்கொண்டுதான் டெர்ரி கில்லியம் 1995-இல் புரூஸ் வில்லிஸை வைத்து '12 மங்கீஸ்' எடுத்தார்.

நல்ல அறிவியல் புனைவுக்குத் தேவை ஒரு சட்டம். அதைக் கடைசிவரை மீறாத நேர்மை. சட்டம் எழுதக் காசு வேண்டாம். பணம் இருப்பவர் சிக்கலான இடத்தில் ஒரு வெடிப்பைக் காட்டிப் பார்வையாளரின் கேள்வியை மறக்கடித்துவிடலாம். பணம் இல்லாதவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

'பிரைமர்' அப்படித்தான் பதில் சொல்கிறது. பெட்டியைப் பயன்படுத்தும் நண்பர்கள் ஏபும் ஏரனும் முதலில் செய்வது பங்குச் சந்தை வியாபாரம். பிற்பகலில் எந்தப் பங்கு ஏறியது என்று பார்த்துவிட்டு, காலைக்குத் திரும்பி அதை வாங்குகிறார்கள். பிறகு உடம்பு கணக்குக் கேட்கிறது: காதில் ரத்தம் வழிகிறது, கையெழுத்து குலைகிறது. கடைசி அரைமணி நேரத்தில் ஒரே ஆள் பலராகப் பெருகிவிட, யார் எந்தப் பிரதி என்பது பிடிபடாமல் போகிறது என்ற குறை நியாயமானதே. அங்கே இயக்குநர் இன்னும் நிதானித்திருக்கலாம். ஆனாலும் பெட்டியின் சட்டம் உடையவில்லை. அதனால்தான் ரசிகர்கள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து இன்றுவரை கோடு போட்டுப் பார்க்கிறார்கள்.

2007-இல் ஸ்பெயினின் நாச்சோ விகலோண்டோ எடுத்த 'டைம்கிரைம்ஸ்' படத்துக்கு முக்கிய நடிகர்கள் நாலே பேர். இளம் விஞ்ஞானியாக இயக்குநரே நடித்தார். முகத்தில் கட்டுப் போட்ட ஒருவன் கத்தரிக்கோலோடு துரத்துகிறான். அவன் யார் என்று தெரியும்போது முதுகு சில்லிடும்.

தமிழில் 2015-இல் ஆர்.ரவிக்குமார் தன் முதல் படமாக 'இன்று நேற்று நாளை'யை எடுத்தார். 2065-இலிருந்து வந்த இயந்திரம் கையில் கிடைத்ததும் நண்பர்கள் இருவர் செய்வது என்ன? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் ஜோசியத் தொழில்! நம் மண்ணில் அந்த இயந்திரம் விழுந்தால் நடக்கக்கூடியதும் அதுதான். கடந்த காலத்துக்குப் போன இடத்தில், அன்றைக்குச் சாக வேண்டிய ஒரு ரவுடி அவர்கள் கை பட்டுப் பிழைத்துவிட, அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாகிறது. சின்னத் தவறு, பெரிய விலை: சட்டம் பார்வையாளருக்குத் தெளிவாகப் புரிந்தது.

2020-இல் ஜப்பானின் கியோட்டோவில், 'யூரோப் கிகாகு' நாடகக் குழு ஒரே ஒரு காபிக் கடையை வைத்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு படம் எடுத்தது. பெயர் 'பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்'. மாடி அறைக் கணினித் திரையில் இரண்டு நிமிடம் கழித்து நடக்கப்போவது தெரியும். கீழே கடையிலுள்ள திரையில் இரண்டு நிமிடம் முன்பு நடந்தது தெரியும். திரையில் தன்னைப் பார்த்த கடைக்காரர், இரண்டு நிமிடத்தில் கீழே ஓடிப்போய் அதே சொற்களைச் சொல்லியாக வேண்டும். ஒரே ஓட்டத்தில் எடுத்தது போல நகரும் படத்தில், ஒருவர் ஒரு வரியைத் தாமதமாகச் சொன்னாலும் கணக்கு இடிக்கும். 70 நிமிடமும் அந்தக் கணக்கு இடிக்கவில்லை.

கையில் கைப்பேசியும் மனதில் ஒரு காலப் பயணக் கதையும் வைத்திருக்கும் தம்பி தங்கைகள், தயாரிப்பாளரைத் தேடிப் புறப்படும் முன் 'லா ஜெத்தே'யை ஒருமுறை பாருங்கள். 28 நிமிடம்தான் ஆகும்.